கருகிய சோற்றின் சட்டம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். மோர்னிங்சைட்டில் நாலு குளியலறை வைத்த வீடு, அஜின்கோர்ட்டில் இரண்டு பலசரக்குக் கடை, ஊர்ச் சங்கத்துக்கு ஒரு மண்டபம், எல்லாம் இந்தக் கையால் எழும்பியவை. ஆனாலும் கனடாவின் இந்த ஸ்காபரோவில் நான் கண்ட ஒரே பெரிய மனிதர் நீதவான்தான்.

கோர்ட்டு நீதவான் அல்லர். உணவகத்தில் கோப்பை கழுவியவர். நாங்கள் ஆறு பேர் ஒரு பேஸ்மென்டில் இருந்த காலத்தில், அட்டை கிழிந்த சட்டப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டை ஆண்டார்.

"ஆதிகாலத்தில ஒருத்தன் பிழை விட்டா அவன்ர குடும்பத்துக்கே தண்டனை. இஞ்சையும் அதுதான்!"

ஒருவன் சோற்றைக் கருக்கினால் ஆறு பேரும் அதைத்தான் தின்னவேண்டும். செல்வம் சப்பாத்தோடு உள்ளே வந்ததற்கு ஆறு பேரும் வெறுங்காலோடு வாசல் பனி தள்ளினோம்.

"அண்ணை, கால் விறைக்குது!"

"எனக்கும்தான் விறைக்குது. பேசாமத் தள்ளு."

தண்டனை எதுவானாலும் முதல் ஆள் அவர்தான்.

"புத்தகத்தின்ர பின்பக்கத்தில என்ன கிடக்கு, அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிறகு வந்தவங்கள் செய்தவனுக்கு மட்டும் தண்டனை எண்டு மாத்திப்போட்டாங்கள். அதை நான் வாசிக்கிறேல்லை."

ஒரு ஞாயிறு மத்தியானம் வடை சுட அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு, தொலைபேசியில் என் பெருமையைக் கதைத்துக்கொண்டு நின்றேன். தீயணைப்பு வண்டி வந்தது. சமையலறைச் சுவர் கரியாகிப் போனது. மேல்வீட்டிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"ஆர் செய்தது? சொன்னா அவன் மட்டும் வெளிக்கிடட்டும். இல்லாட்டி ஆறு பேரும் இண்டைக்கே வெளியில!"

நீதவான் அசையவில்லை. "ஆறு பேரும்தான்."

வெளியே பனி கொட்டியது. உள்ளே செல்வம் காய்ச்சலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்கள் பேசாம இருங்கோ, அண்ணை. நான்தான். நான் மட்டும்தான்."

அன்றோடு அந்த வீட்டில் சட்டம் மாறியது. பெட்டியோடு படியேறினேன். பின்னால் மூச்சிரைக்கும் சத்தம். திரும்பினால் நீதவான். கையில் பெட்டி, கக்கத்தில் புத்தகம்.

"நீங்கள் ஏன் வாறியள்?"

"சட்டத்தை நீதான் மாத்தினனி. நான் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரேல்லையடா."

இப்போது என் வீட்டில் சோறு கருகினால், "மாமா, கருக்கினது நீங்கள், நீங்களே சாப்பிடுங்கோ" என்று மருமகள் சிரிக்கிறாள். நியாயம்தான், நான் கொண்டுவந்த சட்டம். நீதவான் கண்மூடிய பிறகு கருகிய சோற்றுக்குக் கூட்டு இல்லை.

அந்த பேஸ்மென்டில் இருந்தவர்கள் எங்கே கூடினாலும் அவர் கதையைத்தான் சொல்கிறார்கள். சட்டத்தை மாற்றியவன் நான் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. இனிச் சொல்லியாகவேண்டும். அந்தக் கதையில் என் பெயரையும் போடவேண்டும். தனியாக வேண்டாம், அவருடைய பெயரோடு சேர்த்து.