ஒரே நீர், ஒரே அலகு

கடலும் ஆறும் எல்லைத் தகராறு இல்லாமல் கலக்கும் ஓரிடத்தில் கழிமுக நாடு இருந்தது. குடிகள் எல்லாம் பறவைகள். உள்ளான்கள் சேற்றைக் கிளறிப் புழு தின்றன. பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டின. கரண்டிவாயன்கள் தட்டை அலகால் தண்ணீரைத் துழாவி இறால் பிடித்தன. ஒருவர் சாப்பாட்டில் இன்னொருவர் வாய் வைக்கத் தேவையிருக்கவில்லை.

தேர்தலில் வென்று அரசரான சாம்பல்நாரையாருக்கு இது ஒழுங்கீனமாகப் பட்டது. இனி எல்லோரும் முழங்கால் ஆழத்தில் நின்று மீனைக் குத்தியே உண்ண வேண்டும் என்று ஆணையிட்டார். அவர் உண்பது அப்படித்தான்.

கரண்டிவாயன் இனத்துப் பூவாயிக்குக் கூட்டில் மூன்று குஞ்சுகள். நாள் முழுக்கக் குத்திப் பார்த்தும் ஒரு மீன் சிக்கவில்லை. அலகு ஆணையரான கொக்கனாரிடம் போய் நின்றாள்.

“ஐயா, எனக்கு வாய் தட்டைங்க. குத்தினா மீன் நழுவிப் போயிருது. புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க.”

“அரசு உங்கள் வாயைக் குறை சொல்லவில்லையே அம்மா. கூர்மையாக்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறது.”

“எப்படிங்கய்யா?”

“பயிற்சி முகாமில் நல்ல பாறைகள் போட்டிருக்கிறோம். தேய்க்கலாம்.”

பூவாயி தேய்த்தாள். ரத்தம் வந்தது, கூர் வரவில்லை. அதற்குள் நாடே முழங்கால் ஆழத்தில் நெருக்கியடித்ததில் அங்கிருந்த மீன்களும் தீர்ந்தன. திருட்டுத்தனமாகத் துழாவுகிறவர்களே பஞ்சத்துக்குக் காரணம் என்று இரண்டாம் ஆணை வந்தது. கரையெங்கும் காவல் போட்டார்கள். உள்ளான்களும் பூநாரைகளும் மற்றக் கரண்டிவாயன்களும் கூட்டம் கூட்டமாக வெளியேறின.

பூவாயியின் கடைக்குட்டி செத்துப்போனது. அன்று அவள் அழவில்லை. நேரே ஆழமில்லாத நீரில் இறங்கி, காவலர்கள் பார்க்கவே துழாவத் தொடங்கினாள்.

“ஏய், என்ன பண்றே?”

“புள்ளைங்களுக்குச் சோறு தேடுறேன்.”

நாடு கடத்தினார்கள். அரைகுறையாய்ப் பறக்கப் பழகியிருந்த இரண்டு பிள்ளைகளையும் முன்னால் விட்டு, பின்னால் அவள் பறந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கழிமுக நாட்டில் இப்போது நாரைகளும் கொக்குகளும் மட்டுமே. அலகெல்லாம் ஒன்றாகிவிட்டதென்று ஒற்றுமை விழா எடுத்தார்கள். யாரும் தின்னாத புழுக்கள் சேற்றில் நெளிந்தன.

மேடையில் அரசர் குடிகளை நிதானமாகப் பார்த்தார்.

“அலகுப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்து நிறம். ஒரே நாட்டில் சாம்பலும் வெள்ளையும் எதற்கு?”

எல்லோருக்கும் முன்னதாகக் கொக்கனார் சிறகு தட்டி வரவேற்றார். பிறகு மெல்லக் குனிந்து, தண்ணீரில் தன்னைப் பார்த்தார்.