தங்கையின் கடைக்கு இருபது மரத்திரி மெழுகுவர்த்திகள்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கடையைத் திறக்கப் போகும் நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும்.

இருபது மேசையிலும் 'அண்ணன் கையால் செய்த மெழுகுவர்த்தி' என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டாய். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நூல்திரி போட்டு எவனும் செய்வான். நான் மரத்திரி போட்டேன். தீ தடுப்புக் கதவு செய்தே முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு மரத்தைப் பற்றி யார் பாடம் எடுப்பது? நல்ல தேக்கை விரல் தடிமனுக்கு இழைத்து, கண்ணாடி டம்ளரில் நிறுத்தி, மெழுகை ஊற்றினேன். ஒரு தீப்பெட்டி காலி. திரி மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி நின்றது. உன் அண்ணி எட்டிப் பார்த்து, "என்னங்க, மெழுகுவர்த்தியா, இல்ல கதவு நிலையை நட்டு வெச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டாள். மெழுகைத் திட்டினேன், தீப்பெட்டியைத் திட்டினேன், ஃபேனை நிறுத்தினேன், வேர்த்ததுதான் மிச்சம். கடைசியில் அவள்தான் பழப்பெட்டிப் பலகையில் மெல்லிசா ஒரு சிம்பு உரித்து, எண்ணெயில் ஊறவைத்து, மெழுகுக்கு மேல் நகக்கண் அளவு விட்டு நறுக்கினாள். பத்த வெச்சேன் பாரு, அடேயப்பா! திரி அகலத்துக்கும் சுடர் ஓடுது, விறகடுப்பு மாதிரி படபடன்னு ஒரு சின்னச் சத்தம் வேற. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அதே மாதிரி இருபதும் செஞ்சு, ஒவ்வொண்ணையும் ஏத்திப் பார்த்து அணைச்சேன். என் பட்டறையிலிருந்து எதுவும் அரைகுறையா வெளியே போனதில்லையே! அதனால திரிக்கெல்லாம் கடைசியா ஒரு கை பூச்சும் அடிச்சு, பெட்டி கட்டி, இன்னிக்குக் காலையில லாரியில ஏத்திட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் கடை விளக்கையெல்லாம் அணைத்துவிடச் சொல் மாப்பிள்ளையிடம். என் மெழுகுவர்த்தி போதும். உன் கடையில் வந்தவர்களுக்கு உட்கார இடமில்லாமல் போகட்டும் என்று வாழ்த்தும்,

அண்ணன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அண்ணி பூச்சு டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். கதவுக்கு அடிக்கிற தீ தடுப்புப் பூச்சு. கைப்பழக்கம்மா, என்ன செய்ய! பழப்பெட்டிப் பலகையும் மெழுகுமாக இருவரும் சனிக்கிழமையே வந்துவிடுகிறோம். அழைப்பிதழில் 'அண்ணி கையால்' என்று திருத்திவிடு. லாரியில் வருகிற இருபதிலும் நீயே தீக்குச்சி வைத்துப் பார், ஏழு ஜென்மத்துக்கும் பற்றாது. உன் அண்ணன் வேலைன்னா சும்மாவா?