கொப்பரைச் சாவியை நான் தரப்போவதில்லை

சோஃபியாவில் கணினி வேலை பார்க்கும் என் தங்கை மகன் யாவோருக்கு, மலையடிவாரத்திலிருந்து உன் மாமா நய்டென் ஆசீர்வாதத்தோடு சொல்லி அனுப்புவது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லத் தபால்காரர் ருஸி எழுதுகிறார். உன் அம்மா முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலை கட்டிக்கொண்டு நலமாக இருக்கிறாள். நானும் நலம். பக்கத்து வீட்டுப் பென்கா மட்டும் என்னோடு பேசுவதில்லை.

நான் சாவி வைத்துக் காக்கும் ஊர்ப் பொதுச் சாராயக் கொப்பரைக்கு முறை சொல்ல நீ எழுதிக்கொடுத்த நிரல், வியாழக்கிழமை காலை, கொப்பரை சூடாகிவிட்டது, பிளம் ஊறலோடு வா என்று பென்காவுக்குக் கைபேசியில் சேதி அனுப்பியது. அவளும் ஆறு பீப்பாயை வண்டியில் ஏற்றி வந்து பார்த்தால் அடுப்பே பற்றவைக்கவில்லை. அதே சேதி கிடைத்து எதிர்வீட்டு மினோவும் தன் வண்டியோடு வர, வண்டியும் வண்டியும் முட்டி, ஒரு பீப்பாய் உருண்டு, ராக்கியாச் சாராயம் ஆகவேண்டிய ஊறல் தெருவில் ஓட, ஊர்த்தலைவரின் வாத்துகள் அதைக் குடித்துவிட்டுத் தேவாலயப் படியில் கால் பரப்பிப் படுத்துவிட்டன. “கணினி தப்புப் பண்ணாது பெரியவரே, இனிமே அதுவே பாத்துக்கும், ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டத்துல சாவியைக் குடுத்துடுங்க” என்கிறார் ஊர்த்தலைவர். உன்னைக் கூப்பிட்டால் நீயும், “பிழை வந்தா பிடிக்க வலை கட்டியிருக்கேன் மாமா, உங்க கைதான் எங்கயோ பட்டிருக்கும்” என்கிறாய்.

எந்த வலைடா? போன பண்டிகைக்கு வந்தபோது நீதானே ஜாவாஸ்கிரிப்ட் என்று சொல்லி எனக்கு விளக்கினாய், நான் மறக்கவில்லை. சூடு பார்க்கும் பெட்டியிடம் கொப்பரை தயாரா என்று நிரல் கேட்கும், பதிலுக்கு நிற்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடும், பெட்டி அப்புறமாகத் திருப்பிக் கூப்பிடும் என்றாய். கேள்வியை அனுப்பிய கையோடு வலையை அவிழ்த்துட்டே. பிழை வந்தது ஒரு மணி நேரம் கழிச்சு. அப்போ அங்க யார் நின்னா பிடிக்க? கூப்பிடுற பெட்டி முதல் கையில கெட்ட சேதி, ரெண்டாவது கையில நல்ல சேதி வச்சிருக்கும்னு நீயே சொன்னே. முதல் கையைப் பார்த்தியா? கூப்பிட்ட சத்தம் கேட்டதுமே ஊருக்கெல்லாம் வா வான்னு எழுதிட்டே.

நாற்பத்தொரு வருஷமாக இந்தக் கொப்பரையில் வழக்கம் என்ன? வடித்து முடித்தவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி முதலில் கெட்டதைச் சொல்லவேண்டும். கெட்டது இல்லையென்றாலும் “கெட்டது ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுத்தான் “வாங்க” என்னலாம். அதைக் கேட்காமல் யாரும் பீப்பாயை அசைக்கமாட்டார்கள். ஒரு வாத்துகூட மயங்கினதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாவி என் இடுப்பில்தான் இருக்கும். தைரியமிருந்தால் வந்து வாங்கிக்கொள்.

தின்னாமல் வேலை பார்க்காதே. கடவுள் உனக்கு நல்ல புத்தியும் கெட்டியான காலுறையும் கொடுக்கட்டும்.

மாமா நய்டென்

பின்குறிப்பு: இதுவரை எழுதிய ருஸி ஒரு நிமிஷம் பேனாவை வைத்துவிட்டு, “வியாழக்கிழமை எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தீங்களே நய்டென் அண்ணே, சுவர்ல எதைப் பிடுங்கிட்டு அந்தக் கெட்டிலைச் சொருகினீங்க?” என்று கேட்கிறார். போய்ப் பார்த்தேன். சூடு பார்க்கும் பெட்டியின் வயர். கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும் பாட்டரியில் பெட்டி கத்தும் என்று நீ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உன் பெட்டி முதல் கையை நீட்டிக் கத்தியது என்னைப் பற்றித்தான். வழக்கப்படி இதைத்தான் நான் முதல் வரியில் சொல்லியிருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீயும் வா, ரெண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்குவோம். கடிதத்தைக் கீழிருந்து மேலே படி.