பெருமாளுக்கு அடுத்தபடி காக்க வைத்தவர்

காலை பத்து இருபதுக்குத்தான் எல்லாம் கெட ஆரம்பித்தது. அதுவரை என் மகளுக்கு வந்திருந்தது வெறும் அப்பெண்டிக்ஸ். பத்து இருபதுக்கு ‘இன்னொருவாட்டி’ வந்தார்.

திருப்பதியில் பெருமாளுக்கு அடுத்தபடி அதிகம் பேரைக் காக்க வைத்தவர் அவராகத்தான் இருக்கும். அலிபிரி போகும் வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரக் கட்டுப்பாட்டு நர்ஸ். நகரிக்காரர். எதைச் சொன்னாலும் “இன்னொருவாட்டி சொல்லுங்க” என்பார். அதுவே பெயராகிவிட்டது.

பக்கத்துக் கட்டில் அம்மாள் கதை கதையாகச் சொன்னார். காய்ச்சலென்று வந்த உள்ளூர்த் தலைவரிடமே பெயரும் பிறந்த தேதியும் கேட்டாராம். “அண்ணன் பேரு தெரியாதா? ஊரு பூரா ஃப்ளெக்ஸ் வெச்சிக்கிறோமே!” என்று தொண்டர்கள் குதித்திருக்கிறார்கள். “ஃப்ளெக்ஸ்ல பொறந்த தேதி இல்லியே.” தலைவர் ஐந்து வயது குறைத்துச் சொல்ல, “இன்னொருவாட்டி” என்றாராம். ஆஸ்பத்திரி எம்.டி.க்கு ரத்த அழுத்தம் பார்க்கும்போதும் முதலில் பெயரைச் சொல்லச் சொன்னாராம். அழுத்தம் அங்கேயே ஏறிவிட்டது.

நாங்கள் போனது தரச் சான்றிதழ்க் குழு வருகிற நாள். ஆஸ்பத்திரியின் தரம் எதனால் உயர்கிறது என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். நான் கண்ணாலேயே பார்த்தேன். குரோட்டன்ஸ் தொட்டிகளால் உயர்கிறது. புதுப் படுக்கை விரிப்பால் உயர்கிறது. முதல் நாள் வாங்கிவைத்த மீன் தொட்டியால் மிகவும் உயர்கிறது. ஊழியர்கள் தரக் கொள்கையைச் சுப்ரபாதம்போல ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். குழுவுக்குக் காட்டத் தேர்ந்தெடுத்த ஆபரேஷன் என் மகளுடையது. பத்தாம் வகுப்புப் பிள்ளை வலியில் சுருண்டு கிடந்தாள்.

ஏதாவது சாப்பிட்டாளா என்று வார்டு நர்ஸ் கேட்டார். இல்லை என்றோம். டியூட்டி டாக்டர் கேட்டார், இல்லை. மயக்க மருந்து டாக்டரும் கேட்டார், இல்லை. ஸ்ட்ரெச்சர் தியேட்டர் வாசலுக்குப் போனது. அங்கே குறுக்கே நின்றார் இன்னொருவாட்டி.

“பாப்பா என்ன துன்னுச்சு?”

“மூணு பேர்கிட்ட சொல்லிட்டோம் மேடம். ஒண்ணும் துன்னல,” என்றார் என் கணவர்.

“இன்னொருவாட்டி சொல்லுங்க.”

எனக்குக் கை ஓங்கத் தோன்றியது. எம்.டி. ஓடி வந்தார். “டீம் லிஃப்ட்ல ஏறிட்டாங்கம்மா, உள்ள அனுப்பும்மா!”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளின் நெற்றியில் இருந்த ஈரக் குங்குமத்தைப் பார்த்தார்.

“எந்தக் கோயிலு?”

“காணிப்பாக்கம்,” என்றார் கணவர். “வர்ற வழியில வண்டிய நிறுத்தி அர்ச்சனை பண்ணிக்கினு வந்தேன்.”

“பிரசாதம்?”

“குடுத்தேனே. லட்டு.”

“அப்புறம் ஒண்ணும் துன்னல, துன்னலன்னு சொல்லிக்கினு இருந்தீங்க?”

“பிரசாதம் எப்படி மேடம் துன்றதுல சேரும்?” கணவர் நிஜமாகவே குழம்பிப்போனார்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து முனகல் கேட்டது. “ரெண்டு லட்டு, நைனா.”

எங்கள் பக்கத்தில் விரதம் இருப்பவர்கூடப் பிரசாதத்தைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. மயக்கத்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழலில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மயக்க மருந்து டாக்டர் விளக்கினார். பாதியிலேயே எனக்குக் காது அடைத்துவிட்டது. இன்றும் லட்டைக் கண்டால் இரண்டடி பின்வாங்கிவிடுகிறேன். சித்தூரில் குடியிருந்துகொண்டு, திருப்பதி போய்வருகிறவர்களெல்லாம் கையில் லட்டோடு வந்து கதவைத் தட்டும்போது, இது லேசான வியாதியல்ல.

மருந்து ஏற்றி, ஆபரேஷனை மாலைக்குத் தள்ளினார்கள். குழுவுக்கு மீன் தொட்டியைக் காட்டினார்கள்.

மாலையில் தியேட்டர் கதவு மூடியது. நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்ததும் டாக்டர் என்று நினைத்து எழுந்தோம். வந்தவர் இன்னொருவாட்டிதான். சீருடை மாற்றி, வீட்டுக்குப் போகிற புடவையில், தோளில் பையோடு.

“பாப்பா நல்லாகீது அக்கா. கண்ணு தொறந்து நைனா எங்கன்னு கேட்டுச்சு.” பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். “காலையிலேர்ந்து நீங்க பச்சத்தண்ணிகூட குடிக்கல, பாத்துக்கினுதான் இருந்தேன். ரெண்டு பேரும் போயி எதுனா துன்னுட்டு வாங்க. நான் பாப்பாகிட்ட இருக்கேன்.”