பொத் தன்சலுக்குப் பீங்கானோடு வந்தவர்கள்

எனக்குச் சிங்களம் தெரியும் என்று இருபத்தேழு வயதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை ஒரே காலையில், மாத்தளை டவுனில், ஏறக்குறைய நானூறு பேர் சேர்ந்து தீர்த்துவைத்தார்கள். நானூறு பேர் கையிலும் பீங்கான் தட்டு இருந்தது. (பொய் சொல்லக் கூடாது. சிலர் கையில் சட்டியும் இருந்தது.)

முதலில் என் சிங்களத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். படித்தது தமிழில். சிங்களம் பஸ்ஸிலும் கடையிலும் காதால் பிடித்தது. எழுத்து ஒன்றும் தெரியாது, ஆனால் கடகடவென்று பேசுவேன். சங்கடமே அதில்தான் இருந்தது. தமிழில் நமக்கு இருப்பது ஒரே ஒரு ‘ப’. பல்லுக்கும் அதுதான், பஸ்ஸுக்கும் அதுதான். சிங்களத்தில் அப்படி இல்லை. பல்லு ‘ப’ வேறு எழுத்து, பஸ் ‘ப’ வேறு எழுத்து. மாற்றிச் சொன்னால் சொல்லே மாறிவிடும்.

டவுனுக்கு வந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறு கேட்டேன். சிங்களத்தில் சோற்றுக்கு ‘பத்’. அதைப் பஸ் ‘ப’ போட்டுச் சொல்ல வேண்டும். நான் பல்லு ‘ப’ போட்டுவிட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, என்னை மாதிரியே சொல்லிக் குசினிக்குள் ஓடர் கொடுத்தார். கடையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு எடுத்த முடிவு, இனிமேல் சிங்களத்தில் எங்கே ‘ப’ வந்தாலும் பஸ் ‘ப’ தான். தேங்காய்க்குப் ‘பொல்’, அதற்கும் பஸ் ‘ப’. பேக்கரி ரொட்டி, அதாவது பாண், வாங்கப் போனாலும் பஸ் ‘ப’. ஒருவரும் திருத்தவில்லை. எனவே என் சிங்களம் பூரணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் நான் மொன்ஸே மிஸ்ஸின் வாசிகசாலையில் உதவியாளன். மிஸ் கத்தலோனியாக்காரி. ‘ஸ்பெயினா?’ என்று கேட்டால் முகம் கொஞ்சம் சுருங்கும், ‘கத்தலோனியா’ என்று திருத்துவார். (மாத்தளைக்காரனைப் பார்த்து ‘கண்டி ஊரா?’ என்று கேட்டால் நமக்கு வருமே, அதே எரிச்சல்தான்.) கறுவாப்பட்டை வாசத்துக்காகவே பல்லேபொலவில் வீடு எடுத்துத் தங்கி, தன் ஊரிலுள்ள கூட்டாளிகளின் பண உதவியோடு டவுனில் மூன்று அறைகளில் வாசிகசாலை நடத்தினார். என்னை மூன்று மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக எடுத்திருந்தார்.

அங்கே பின்னேரங்களில் பிள்ளைகளுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்க ரீட்டா வருவாள். எனக்கு ரீட்டாவைப் பிடித்திருந்தது. ரீட்டாவுக்கும் என்னைப் பிடித்திருந்தது. ரீட்டாவின் அம்மாவுக்கு ‘நிரந்தர வேலை’ என்ற இரண்டு சொல்லைத்தான் பிடித்திருந்தது.

மார்ச் கடைசியில் ஒருநாள் மிஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவருடைய ஊரில் ஏப்ரல் மாதத்தில் சான் ஜோர்டி திருநாள் வருமாம். நம்முடைய புனித ஜோர்ஜ்தான், பாம்பு மாதிரி ஒரு பூதத்தைக் குத்துவாரே, அவர்தான். அன்றைக்கு ஆண்கள் பெண்களுக்கு ரோசாப்பூ கொடுப்பார்களாம், பெண்கள் ஆண்களுக்குப் புத்தகம் கொடுப்பார்களாம். வாசிகசாலை, நூதனசாலை எல்லாம் கதவைத் திறந்துவைத்து, வருகிறவர்களைச் சும்மா உள்ளே விடுவார்களாம். அதே மாதிரி இங்கேயும் செய்ய வேண்டும், வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பழைய புத்தகமும் பூவும் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, ஐம்பது பேராவது வந்தால் படம் எடுத்துத் தன் ஊர்க் கூட்டாளிகளுக்கு அனுப்பி, என்னை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்பதாகச் சொன்னார்.

“வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்கிறதுக்கு இங்கே ஒரு பேர் இருக்கு மிஸ். தன்சல்” என்றேன். வெசாக் பண்டிகைக் காலத்தில் ரோட்டோரமாகப் பந்தல் போட்டு, வருவோர் போவோருக்கெல்லாம் சோறும் கிழங்கும் கொடுப்பதை விளக்கிச் சொன்னேன். மிஸ்ஸுக்குக் கண் விரிந்தது. சிங்களத்தில் புத்தகத்துக்குப் ‘பொத்’. ஆக, ‘பொத் தன்சல’. பேரை வைத்ததே நான்தான். அன்று முழுக்கத் தலைக்கனத்தோடு திரிந்தேன்.

(வாசிப்பவர்களில் விவரமானவர்கள் இந்த இடத்திலேயே தலையில் கை வைத்திருப்பார்கள். ‘பொத்’துக்குப் பல்லு ‘ப’.)

திருநாளுக்கு முதல்நாள், ஊருக்கு அறிவிக்க ரவூஃப் நானாவைப் பிடித்தேன். நானா, பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாண் விற்கும் த்ரீவீல்காரர். பாட்டுக்கு நடுவில் என் குரலைப் போடச் சம்மதித்தார். ரீட்டாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

“நான் பேசுறேனே ஜூட். நான் படிச்சதே சிங்களத்துலதானே.”

“தேவையில்ல. நானே பார்த்துக்கிறேன்.”

“சரி, தமிழ்லயும் ஒருக்கா சொல்லிருங்க.”

“தமிழாக்களுக்கும் சிங்களம் விளங்கும் ரீட்டா. ரெண்டு தரம் சொன்னா டேஸ்ட் கெட்டுப் போயிரும்.”

வேலை நிரந்தரமாகப் போகிறது, அதை என் வாயாலேயே வாங்கினேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற ஆசைதான். நானாவின் போனை வாயருகில் பிடித்து, அடிவயிற்றிலிருந்து பஸ் ‘ப’வை எடுத்துப் பேசினேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு, ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில், மகா பொத் தன்சல, எல்லோரும் வாருங்கள், முற்றிலும் இலவசம்.

“குரல் நல்லா ஈக்கி தம்பி. கேக்கயே பசிக்குது” என்றார் நானா. பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு நான் வாசலில் நின்றேன். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு ரோசாப்பூ, பக்கத்தில் மேசை, மேசையில் புத்தகம், ஒரு வாளி நிறையப் பூ. வாசல் ஓரத்தில் பழைய பேப்பரை ஒட்டி நானே செய்த புனித ஜோர்ஜின் பூதம். இறக்கை ஒட்டவில்லை என்பதால் கபரகொய்யா என்கிற பெரிய உடும்பு மாதிரித்தான் இருந்தது.

எட்டே முக்காலுக்கு ஐம்பது பேர் தாண்டிவிட்டது. ஒன்பதுக்கு வரிசையின் வால் எனக்குத் தெரியவில்லை. என் எழுத்தறிவுச் சேவையை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை. எல்லோர் கையிலும் பீங்கான் இருப்பதைக் கவனித்தேன்தான். எங்கேயோ கழுவி எடுத்துக்கொண்டு போகிறார்கள் போல என்று நினைத்தேன். நானூறு பேர் ஒரே நேரத்தில் பீங்கானை எங்கே கழுவிவிட்டு வருவார்கள் என்று மூளை கேட்கவில்லை.

மிஸ் வெளியே வந்தார், வரிசையைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது.

“இங்கே புத்தகத்தை வெறுங்கையால் வாங்க மாட்டார்களா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“மாட்டாங்க மிஸ். மரியாதை” என்றேன். மிஸ் கெமராவை எடுக்க உள்ளே ஓடினார்.

வரிசையில் முதலாவது, வெள்ளை உடுத்திய ஒரு சிங்கள அம்மா. பீங்கானை இரண்டு கையாலும் நீட்டினார். நான் ஒரு புத்தகத்தை அதில் வைத்து, மேலே ஒரு பூவையும் வைத்தேன். அவர் பூவைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நகரவில்லை.

“மல்லி, வியஞ்ஜன மொனவத?” என்று கேட்டார். மல்லி என்றால் தம்பி, மொனவத என்றால் என்னென்ன.

வியஞ்ஜன என்றால் எனக்குத் தெரியும். ரீட்டா தினமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். க, ங, ச என்று வருகிற மெய்யெழுத்து. அந்த அம்மா என்னென்ன மெய்யெழுத்து இருக்கிறது என்று கேட்கிறார், பேரப்பிள்ளைக்காக இருக்கும் என்று நினைத்து, நல்ல சத்தமாக, “எல்லா வியஞ்ஜனமும் இருக்கு அம்மே. ஒன்றையும் விடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாகவும் வைத்திருக்கிறோம்” என்று சிங்களத்தில் அறிவித்தேன்.

சிங்களத்தில் கறிக்கும் ‘வியஞ்ஜன’ என்ற அதே சொல்தான் என்பது எனக்குத் தெரியாது.

அம்மாவின் முகம் மலர்ந்தது. பின்னால் திரும்பிச் செய்தியைச் சொன்னார். எல்லாக் கறியும் இருக்காம், பிள்ளைகளுக்கு உறைப்பில்லாமல் வேறாக வைத்திருக்காங்களாம். அந்தச் செய்தி வரிசையின் வால்வரை போனது. வரிசை அகலமாகி ஒரு தள்ளுத் தள்ளியது, மேசை இரண்டடி பின்னால் போனது. நடுவில் நின்ற தோட்டத்து அண்ணன் ஒருவர் என் பூதத்தைச் சுட்டிக்காட்டி, “தம்பி, இதையுமா சமைக்கப் போறீங்க?” என்று தமிழில் கேட்டார். அப்போதுதான் அந்தப் பீங்கான்களை நான் சரியாகப் பார்த்தேன்.

சரியாக அந்த நேரம் ரவூஃப் நானாவின் த்ரீவீல் முனையில் திரும்பியது. பாட்டு, பாட்டுக்கு நடுவில் இன்னும் நேற்றைய என் குரல். ரீட்டா வாசலில் நின்று அதை முதல் தடவையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

“ஜூட். நீங்க என்னா சொல்லியிருக்கீங்க?”

“பொத் தன்சல.”

“இல்ல. பத் தன்சல. சோத்துத் தன்சல்.”

“நான் பொத்துன்னுதானே சொல்றேன்.”

“நீங்க சொல்ற ‘ப’வுக்குப் பொத்துன்னு சிங்களத்துல ஒரு சொல்லே இல்ல. அந்த ‘ப’வுல தொடங்கி, தன்சல்னு முடிஞ்சா ஆக்களுக்குச் சோறுதான். அதுவும் பாண் வண்டியில சொன்னா.” கொஞ்சம் நிறுத்தி வரிசையைக் காட்டினாள். “அங்க பாருங்க.”

பார்த்தேன். முப்பதாவது ஆளாக, மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கெரியரோடு, ரீட்டாவின் அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

என் காதல், என் வேலை, என் வெள்ளைச் சட்டை எல்லாம் ஒரே வரிசையில் பசியோடு நின்றன. ஓடிவிடலாமா என்று யோசித்தேன். பின்பக்கக் கதவு இருந்தது. ரீட்டா என் சட்டைக்கையைப் பிடித்திருந்ததால் முடியவில்லை. உள்ளே போய் மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன். மிஸ், பீங்கான் மரியாதைக்கு இல்லை. இவ்வளவு பேரும் சோற்றுக்கு வந்திருக்கிறார்கள். என் வாய்தான் காரணம். சொல்லி முடிக்கும்போது அழுகையே வந்துவிட்டது.

மிஸ் கெமராவைக் கீழே வைத்தார். பிறகு கேட்டது இதுதான்: “அந்த வண்டியில் பாண் இருக்கிறதா? சந்தையில் தக்காளி இருக்கிறதா?”

அவருடைய ஊரில் பாணை வாட்டி, தக்காளியை வெட்டி அதன்மேல் தேய்த்து, எண்ணெயும் உப்பும் போட்டுச் சாப்பிடுவார்களாம். பெரிய விருந்துக்குக்கூட அது உண்டாம். ரவூஃப் நானாவிடம் சொன்னதும், “இதெல்லாம் நன்மைதானே” என்று வண்டியைக் காலி செய்துவிட்டு, பேக்கரிக்கு மறுபடி ஓடினார். ரீட்டா சந்தைக்குப் போய்க் கூடை கூடையாகத் தக்காளி கொண்டுவந்தாள். ஒலிவ் எண்ணெய்க்கு எங்கே போவது, தேங்காய் எண்ணெய்தான். வெள்ளை உடுத்திய அந்த அம்மா கொஞ்ச நேரம் எங்கள் லட்சணத்தைப் பார்த்தார். தன்சல் நடத்தத் தெரியாதவர்கள் என்று முடிவு செய்து, என்னை ஒதுக்கிவிட்டுக் கத்தியை வாங்கிக்கொண்டார். ரீட்டாவின் அம்மா கெரியரை வைத்துவிட்டுத் தக்காளி தேய்க்க உட்கார்ந்தார். தேய்த்துக்கொண்டே ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தார்.

“கட்டச் சம்பல் இல்லாம இதை மனுசர் திங்க முடியுமா?” என்றார். பக்கத்து வீட்டிலிருந்து மிளகாய் அரைக்கும் அம்மிக் குழவிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

பத்தரைக்குள் நானூறு பீங்கானிலும் தக்காளி தேய்த்த பாண், அதன்மேல் கட்டச் சம்பல், பக்கத்தில், இருந்தவரைக்கும் ஒரு ரோசாப்பூ, ஒரு புத்தகம். சமையல் புத்தகங்கள்தான் முதலில் முடிந்தன. தோட்டத்து அண்ணன் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு, போகும்போது கபரகொய்யாவையும் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

மிஸ் எடுத்த படத்தில் நானூறு பேரும் பீங்கானோடு சிரிக்கிறார்கள். கீழே என்ன எழுதி ஊருக்கு அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த வருடம் அங்கிருந்து வந்த படத்தில், அவருடைய ஊர் வாசிகசாலை வாசலிலும் ஆட்கள் பீங்கானோடு நின்றார்கள். மாத்தளை மரியாதையாம். ஒருவரும் திருத்தப் போகவில்லை. வேலை நிரந்தரமானது.

அன்று மத்தியானம் எல்லோரும் போன பிறகு என் சட்டைப்பையில் நசுங்கிக் கிடந்த பூவை ரீட்டாவிடம் கொடுத்தேன். கத்தலோனிய வழக்கப்படி அவள் எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தாள். முதலாம் வகுப்புச் சிங்களப் பாடப் புத்தகம். இரண்டு எழுத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள்.

கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. நான் வீட்டில் எதையாவது முக்கியமாகச் சொல்ல வாயைத் திறந்தால் மாமி, “இருங்க மருமகனே, பீங்கானை எடுத்துட்டு வந்துர்றேன்” என்பார். எங்கள் மகள் பேர் ரோசா. அந்தப் பூவின் ஞாபகமாக வைத்தது என்று ரீட்டா எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறாள், கேட்பவர்களுக்கும் மனசு உருகிப்போகும். உண்மை வேறு. பிறப்பைப் பதியக் கந்தோருக்குப் போய்ச் சிங்களத்தில் பேர் சொல்லப் போவது நான் என்று தெரிந்ததும், ‘ப’ இல்லாத பேராகப் பார்த்து வைக்கும்படி மாமிதான் ஒரே பிடியாக நின்றார்.