மீதி வராத எண்

எண் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி மூன்றாவது முறையாகக் கீச்சென்று கத்தி, கணக்கு வாத்தியாரின் மானத்தை வாங்கியது.

மூன்று, ஆறு, பூஜ்யம், மூன்று, ஆறு, பூஜ்யம். சரியாகத்தான் அழுத்தினார். உள்ளே, மனைவிக்காகப் போன மாதமே வாங்கிப் பத்திரக் கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்த கைக்கடிகாரம். இன்று கல்யாண நாள். தையல் கடையிலிருந்து அவள் வர இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

போன கல்யாண நாளன்று அந்தப் பெட்டிக்கு எண் வைத்ததே அவர்தான்.

"ஒண்ணுலேருந்து பதினஞ்சு வரைக்கும் எதால வகுத்தாலும் மீதியே வராது. அந்த மாதிரி எண்ணுல இதுதான் ரொம்பச் சின்னது. நமக்குப் பதினஞ்சு வருஷம், வருஷத்துக்கு ஒண்ணு!"

"எனக்குக் கணக்கு வராதுங்க. ஆனா கேக்க நல்லா இருக்கு," என்று சிரித்தாள் அவள்.

மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுகிற மனுஷன் அவர். "ஒரு நாள் என்னையே யாருன்னு கேக்கப் போறீங்க" என்று அவள் விளையாட்டாகச் சொல்வாள். இன்று அது விளையாட்டாகத் தெரியவில்லை. இந்த எண்ணே மறந்துபோனதென்றால் எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பது?

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டார். எட்டு, ஒன்பது, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று. பெருக்கினால் அதே எண்தான் வந்தது. மறுபடி அழுத்தினார். பெட்டி, பத்து நிமிடத்துக்கு யாரும் தொடாதீர்கள் என்று சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டது. அப்படியென்றால் அன்று வைத்தது வேறு ஏதோ எண், அதைத்தான் மறந்துவிட்டோம் என்று முடிவு கட்டினார்.

மாடியில் இருந்த மச்சினனைக் கூப்பிட்டார். பிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவன். மூடிக் கிடக்கும் எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கை அரிக்கும்.

"பேட்டரியைக் கழட்டி மாட்டுனா சரியாயிடும், மாமா."

கழற்றி மாட்டினான். பெட்டி விடாமல் அலற ஆரம்பித்தது.

"நிறுத்துடா!"

"எங்க நிறுத்துறதுன்னுதான் நானும் தேடுறேன்!"

இருவரும் அதைத் தூக்கி மெத்தைக்கு அடியில் திணித்தார்கள். அலறல் குறையவில்லை. வாத்தியார் மெத்தை மேலேயே ஏறி உட்கார்ந்தார். கட்டில் கால் மடாரென்று முறிந்தது. அவர் சரிந்து விழவும், மனைவியும் மகளும் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"ஐயோ, என்னங்க இது?"

மச்சினனுக்கு அப்போதுதான் புத்தி வந்தது. மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பேட்டரியைப் பிடுங்கினான். வீடு அமைதியானது.

வாத்தியார் தரையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"நம்பர் மறந்துபோச்சும்மா," என்றார். "எது மறந்தாலும் இது மறக்காதுன்னு நெனச்சேன். நமக்குன்னு வச்ச நம்பர்."

மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை.

மகள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஒண்ணும் மறக்கலப்பா. ஒரு மாசமா என்கிட்ட வகுத்தல் கத்துக்கிட்டு, 'இப்போ பதினாறு வருஷமாச்சே, அப்பாவோட எண்ணைப் பதினாறால வகுத்தா மீதி எட்டு வருதே'ன்னு அம்மாதான் இன்னிக்குக் காலையில அதை ரெண்டால பெருக்கி மாத்தி வச்சாங்க."