இருநூற்று எண்பது கிலோமீட்டர்

எனக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையை இரண்டு வருஷம் விடாமல் செய்ததில் வந்த அவமானம் இது.

தொழிற்சாலைகளில் எடை மெஷின் பழுது பார்ப்பவன் நான். மாதம் இரண்டு தடவை வேலைக்காக மாமியார் ஊருக்கு விமானத்தில் போய், அன்றே திரும்புவேன். தூரம் இருநூற்று எண்பது கிலோமீட்டர். ஐம்பதே நிமிஷம். கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இறக்கிவிட்டுவிடுவார்கள்.

வீட்டில் நான் சொன்ன கணக்கு, நாலு மணி நேரம். திரும்பி வந்ததும் மிச்ச நேரம் நண்பன் வீட்டில் கேரம்.

அதோடு நின்றேனா? "நானும் வந்து அம்மாவைப் பாக்கறேங்க" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "நாலு மணி நேரம் உக்கார உன் இடுப்பு தாங்காது" என்றேன். அவளும் தலையாட்டினாள். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

போன வாரம் மாமியார் வழுக்கி விழுந்து காலில் கட்டு.

"பத்து நாள் கூட இருக்கணும். இடுப்பு போனாலும் பரவாயில்ல" என்றாள் மனைவி.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று சபதம் எடுத்தேன். வாயைத் திறந்தேன்.

"புது விமானம் விட்டிருக்கான். பயங்கர வேகமாம். ஐம்பது நிமிஷத்துல போயிடுமாம்."

"அப்படியாங்க? விஞ்ஞானம் எங்கேயோ போயிடுச்சு."

விமானத்தில் ஏறினோம். வாசலில் நின்ற பணிப்பெண் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

"வாங்கக்கா! அம்மா எப்படி இருக்காங்க? உங்க ஜன்னல் சீட்டுதானே?"

இருக்கையில் போய் உட்கார்ந்தோம். மனைவி பெல்ட்டைப் பார்க்காமலே மாட்டினாள்.

"நீ... முன்னாடியே வந்திருக்கியா?"

"மாசம் ரெண்டு தடவை. நீங்க காலைல முதல் விமானம், நான் அடுத்தது. நீங்க நாலு மணிக்குத் திரும்புவீங்க, நான் ஆறு மணிக்கு."

"நேரம் எப்படித் தெரியும்?"

"சட்டையைத் துவைக்கறது யாரு? பைல இருக்கற டிக்கெட்டுல புறப்படற நேரமும் இருக்கு, போய்ச் சேர்ற நேரமும் இருக்கு."

விமானத்தில் ஓடி ஒளிய இடம் கிடையாது. வாந்தி எடுக்கக் கொடுக்கும் காகிதப் பையில் முகத்தைப் புதைக்கலாமா என்று பார்த்தேன்.

"தப்புதான். என்னை மன்னிச்சிடு. ஆனா ஒரு நாள் நான் ஆட்டத்தைச் சீக்கிரம் முடிச்சிட்டு வந்திருந்தா நீ மாட்டியிருப்பியே!"

"எப்படி வருவீங்க? எட்டு மணிக்கு முன்னாடி விடாதீங்கன்னு உங்க ஃப்ரெண்டு சம்சாரத்துகிட்ட சொல்லிவெச்சிருந்தேனே. அவர்தான் பாவம்."

"அவனுக்கு என்ன?"

"அவருக்குக் கேரம்னாலே பிடிக்காதாங்க."